யானை எங்கே நிற்கிறது

வால்பாறைக்குப் போன முதல் நாள் காலையில், தங்கியிருந்த வீட்டுக்கு எதிர்ச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம், காட்டுக்கு எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்று கேட்டேன். அவர் கையை நிறுத்தாமலே, "இதுதான் தம்பி காடு. எட்டாம் நம்பர் காடு. நீங்க எந்த நம்பருக்குப் போகணும்?" என்றார். எஸ்டேட் பேச்சில் காடு என்றால் தேயிலை நிற்கும் நிலம் என்பதும், நான் தேடி வந்த, மரம் அடர்ந்து ஈரம் சொட்டும் இடத்தைச் சோலை என்றுதான் சொல்ல வேண்டும் என்பதும் அதன் பிறகே தெரிந்தது. அடுத்த ஆறு நாட்களும் சரியான சொல்லைச் சொல்லி வழி கேட்டேன். ஆனால் எங்கே காடு முடிந்து எங்கே சோலை தொடங்குகிறது என்று ஒரு நாளும் என்னால் கோடு கிழித்துச் சொல்ல முடியவில்லை. யானைகளும் சிறுத்தைகளும் அப்படியொரு கோடு இருப்பதாக நினைத்து நடப்பதாகத் தெரியவில்லை.

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை ஏறிக் கவர்க்கல் மூட்டத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால், கண்ணுக்கெட்டிய தூரம்வரை கத்தரித்து விட்டாற்போலத் தேயிலை தெரியும். முதன்முறை வருபவர்கள் அதைத்தான் இயற்கை அழகு என்று படமெடுக்கிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானும் எடுத்திருக்கிறேன். 1890களில் கார்வர் மார்ஷ் போன்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் இங்கே வந்தபோது இந்த மேட்டுநிலம் முழுவதும் மழைக்காடாகவே இருந்தது. அதை வெட்டிச் சாய்த்துக் காப்பியும் பிறகு தேயிலையும் நட்டவர்கள், சமவெளியின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகக் கொண்டுவரப்பட்ட கூலிகள். அவர்களுடைய பேரன் பேத்திகளும் கொள்ளுப்பேரர்களும்தான் இன்று லைன் வீடுகள் எனப்படும், வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி வால்பாறையின் மக்கள்தொகை ஏறத்தாழ 70,000. அதைச் சுற்றிலும், தமிழகப் பகுதியில் 2007இல் அறிவிக்கப்பட்ட ஆனைமலைப் புலிகள் காப்பகமும், கேரளத்தில் பறம்பிக்குளம், வாழச்சால் காடுகளும் இருக்கின்றன. ஆக, ஊரைச் சுற்றிக் காடு இருக்கிறது என்பதைவிட, பெருங்காட்டின் நடுவே ஓர் ஊர் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வதே பொருந்தும்.

வெட்டும்போது தப்பிய சோலைத் துண்டுகள் தேயிலைக்கு நடுவே தீவுகளைப் போல நிற்கின்றன. அவற்றில் சில ஒரே ஹெக்டேர் அளவிலும் சில இருநூறு, முந்நூறு ஹெக்டேர் அளவிலும் இருக்கின்றன. செங்குத்தான சரிவு, பாறை, ஓடையோரச் சதுப்பு என்று ஏதோ ஒரு காரணத்தால் கோடரி எட்டாமல் போன இடங்கள்தாம் அவை. பகலில் யானைகள் இந்தத் துண்டுகளிலும், நடுமலையாற்றின் கரையோரம் மிஞ்சியிருக்கும் மரச் செறிவுகளிலும் நின்றுவிட்டு, இருட்டிய பிறகு தேயிலைக்குள் இறங்கி அடுத்த சோலைக்கு நடக்கின்றன. தேயிலையை அவை தின்பதில்லை. அவற்றுக்கு அது வெறும் வழி. ஆனால் அந்த வழியில் ரேஷன் கடையும் சத்துணவுக் கூடமும் இருக்கின்றன. அவற்றினுள் அரிசியும் உப்பும் இருக்கின்றன. நான் பார்த்த ஒரு சத்துணவுக் கூடத்தின் சுவரில் பழைய செங்கல், புதிய செங்கல், அதைவிடப் புதிய செங்கல் என்று மூன்று நிறங்கள் தெரிந்தன. எத்தனை முறை என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டுக்காரர் விரல் விட்டு எண்ணத் தொடங்கிப் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டார். அவர் பேச்சில் கோபம் இருந்தது. ஆனால் யானையைப் பற்றிச் சொல்லும்போது ஒரு முறைகூட "அது" என்று சொல்லவில்லை. "அவர் வந்தார், அவர் இடித்தார், அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார்" என்றே சொன்னார்.

மூன்றாம் நாள் மாலை நடந்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பறவைகள் பார்க்கப் போய்த் திரும்பும்போது மணி ஆறரை ஆகிவிட்டது. தை மாதத்து இருட்டு மலையில் சட்டென்று இறங்கிவிடுகிறது. சாலை முக்கிலிருந்த தேநீர்க் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, தேயிலைக்கு நடுவே போகும் குறுக்குப் பாதையில் பதினைந்து நிமிடம் நடந்தால் வீடு. டீயை வாங்கும்போதே கடைக்காரரின் கைப்பேசி ஒலித்தது; பெஞ்சில் உட்கார்ந்திருந்த இன்னும் இருவருடைய கைப்பேசிகளும் ஒலித்தன. வந்திருந்தது ஒரு குறுஞ்செய்தி. குட்டியோடு சேர்த்து ஐந்து யானைகள் எந்த எஸ்டேட்டில், எந்த இடத்துக்கு அருகே நிற்கின்றன என்று தமிழில் ஒரே வரி. எதிர் மேட்டில் ஒரு கம்பத்தின் உச்சியில் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. "உங்க பாதையிலதான் நிக்கிறாங்க. உக்காருங்க" என்று கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துவிட்டார்.

அந்தப் பெஞ்சில் இரண்டேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்பதை அங்கே இருந்தவர்களே சொன்னார்கள். யானைக் கூட்டங்களை நாள்தோறும் பின்தொடர்ந்து கவனிக்கும் ஆட்கள் மாலையில் அவை நிற்கும் இடத்தைத் தெரிவிக்கிறார்கள். அந்த இடத்தைச் சுற்றிச் சுமார் இரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருந்து, எண்ணைப் பதிந்துவைத்திருப்பவர்களுக்குக் குறுஞ்செய்தி போகிறது. படிக்கத் தெரியாதவர்களுக்குக் குரல் அழைப்பு உண்டு. உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியின் அடியிலும் அதே செய்தி ஓடுகிறது. சிவப்பு விளக்குகளை எரியவிட யாரும் மலை ஏற வேண்டியதில்லை. அந்தந்தப் பகுதியில் பொறுப்பேற்றிருப்பவர் தம் கைப்பேசியிலிருந்து அந்த விளக்குக்கு உரிய எண்ணை அழைத்தால் போதும். யானை கடந்து போனதும் அதே போல அணைத்துவிடலாம். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் ஆய்வாளர் ஆனந்தகுமாரும் குழுவினரும் வனத்துறையோடு சேர்ந்து இதைப் படிப்படியாகக் கட்டியிருக்கிறார்கள். குறுஞ்செய்தி அனுப்புவது 2011இல் தொடங்கியது. இந்தப் பணிக்காக 2015இல் ஆனந்தகுமாருக்கு, இயற்கைப் பாதுகாப்புக்காகத் தரப்படும் விட்லி விருது கிடைத்தது.

இது தோன்றியதற்கான காரணம் மிக எளியது. யானையால் இறந்தவர்கள் எந்தச் சூழலில் இறந்தார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோர்க்கு யானை அங்கே நிற்கிறது என்பதே தெரிந்திருக்கவில்லை என்று தெரியவந்தது. பேருந்திலிருந்து இறங்கி இருட்டில் வீட்டுக்கு நடந்தவர்களும், விடியுமுன் வேலைக்குக் கிளம்பியவர்களும் பத்தடி தூரத்தில்தான் அதைப் பார்த்திருக்கிறார்கள். அகழி வெட்டுவது, மின்வேலி போடுவது, யானையைப் பிடித்து வேறிடத்தில் விடுவது என்று எல்லா இடங்களிலும் பேசப்படும் தீர்வுகள் யானையை அகற்றப் பார்க்கின்றன. இங்கே மனிதனுக்கு ஒரு வரிச் செய்தியை நேரத்தோடு சேர்ப்பதற்கு உழைத்திருக்கிறார்கள். சுவர் இடிவதை இது தடுக்கவில்லை என்று பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார், அதுவும் உண்மைதான். சிறுத்தை விஷயத்தில் இது உதவுவதில்லை என்பது அதைவிடக் கசப்பான உண்மை. லைன் வீடுகளுக்குப் பின்னாலுள்ள தேயிலைப் புதரில் சிறுத்தை படுத்திருப்பதை எந்தக் குழுவாலும் கண்டு சொல்ல முடியாது. அங்கே குழந்தைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. அந்தி சாய்ந்ததும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தும் தாய்மாரிடம் போய், காட்டுயிர் பாதுகாப்பைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்த இரண்டேகால் மணி நேரத்தில் மூன்று கார்கள் வந்து நின்றன. மூன்றிலும் இருந்தவர்கள் கேட்ட கேள்வி ஒன்றே: யானை எங்கே நிற்கிறது? ஊர்க்காரர் விலகிப் போவதற்காகக் கேட்கும் கேள்வியை அவர்கள் நெருங்கிப் போவதற்காகக் கேட்டார்கள். கடைக்காரர் மூவரிடமும் முகத்தை மாற்றிக்கொள்ளாமல், "இப்பத்தான் அந்தப் பக்கம் மலையேறிட்டாங்க" என்று எதிர்த்திசையைக் காட்டி அனுப்பிவைத்தார். ஒன்பது மணியளவில் விளக்கு அணைந்தது. அவரே டார்ச் எடுத்துக்கொண்டு என்னை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டார்.

மறுநாள் புதுத்தோட்டத்துக்குப் போனேன். வால்பாறை நகரத்தை ஒட்டியிருக்கும் அந்தச் சிறிய சோலையில் சிங்கவால் குரங்குகள் நூற்றுக்கும் மேல் வாழ்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இந்தக் குரங்கு, மரக்கிளைகளை விட்டுத் தரையிறங்கத் தயங்குவது. அப்படிப்பட்டது இங்கே சாலையைக் கடக்கிறது, ஓட்டு வீடுகளின் மேல் நடக்கிறது, குப்பைத் தொட்டியைக் கிளறுகிறது. சோலை சிறியது, மரங்களுக்கிடையே சாலை போகிறது, தின்பண்டத்தை நீட்ட ஆட்களும் இருக்கிறார்கள். வண்டியில் அடிபட்டு அவை சாவதைக் குறைக்க, சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். நான் நின்ற அரை மணி நேரத்தில் ஒரு தாய் வயிற்றில் குட்டி தொங்க அதன் வழியாக நிதானமாகக் கடந்து போயிற்று; அதன் பின்னால் வந்த இளவட்டம் ஒன்று பாலத்தை ஏறிட்டும் பார்க்காமல் சாலையில் இறங்கி ஓடியது. சோலைக்குள் வெடிப்பலா பூத்திருந்தது. கிளையோடு ஒட்டிக் கொத்துக் கொத்தாக, மங்கிய மஞ்சளில் பூக்கும் அந்த மரம் சிங்கவால் குரங்குக்குப் பூவும் காயும் தந்து ஆண்டின் பெரும்பகுதி சோறு போடுகிறது. ஒரு வெடிப்பலா நிற்கும் சோலைக்கும் நிற்காத சோலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குரங்குதான் சரியாகச் சொல்லும்.

சிதைந்த சோலைத் துண்டுகளில், வெளியிலிருந்து வந்து பரவிய உண்ணிச்செடியை வேரோடு அகற்றிவிட்டு, அந்த மண்ணுக்குரிய மரங்களை நடும் வேலை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவருகிறது. சாலையோரத்திலும் சோலை விளிம்பிலும் விழுந்துகிடக்கும் விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, மழை தொடங்கியதும் நடுகிறார்கள். வெடிப்பலா, கருங்குங்கிலியம், நாங்கு, அகில் என்று பல வகை மரங்களைக் கலந்து நடுவதால், பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நிழல் கூடி உண்ணிச்செடி தானாகவே ஒடுங்கிவிடுகிறதாம். நிலம் எஸ்டேட்டுகளுடையது என்பதால் கம்பெனிகள் சம்மதிக்காமல் இதில் ஒரு குழிகூட வெட்ட முடியாது. எது "உரியது" என்பதிலும் சிக்கல் உண்டு. காப்பிக்கு நிழலாக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒரு மரத்தின் பழங்களைப் பெரிய இருவாச்சிகள் விரும்பித் தின்று, விதைகளைச் சோலைக்குள் கொண்டுபோய்ப் போடுகின்றன. ஐந்தாம் நாள் நான் பார்த்த இணை அப்படியொரு மரத்தில்தான் உட்கார்ந்திருந்தது. அவை சிறகடித்துப் பறந்தபோது எழுந்த ஓசை, ரயில் எஞ்சின் நீராவி விடுவதைப் போல, பறவைகள் கண்ணுக்கு மறைந்த பிறகும் சிறிது நேரம் கேட்டது.

இந்தச் சோலைகளை எல்லாருக்கும் முன்பிருந்தே அறிந்தவர்கள் காடர்கள் என்ற பழங்குடியினர். தேனும் குங்கிலியமும் எடுத்து வாழ்ந்த அவர்களுடைய குடியிருப்புகள் இப்போது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. 2019 ஆகஸ்டு மழையில் கல்லார் குடியின் நிலம் சரிந்தபோது, அங்கிருந்த காடர்கள் அருகிலேயே தெப்பக்குளமேட்டில் இடம் கேட்டார்கள். அவர்கள் முன்பும் புழங்கிய அந்த இடத்தில் குடிசை போட அனுமதி கிடைக்கவில்லை. எஸ்டேட்டின் பழைய லைன் வீடுகளில் தங்கவைக்கப்பட்டு, மனுவும் போராட்டமுமாக இரண்டு ஆண்டுகள் அலைந்த பிறகு, 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ் 2021இல் அவர்களுக்கு அங்கே நிலம் கிடைத்தது. கொழுந்து பறிக்க ஒரு மலையையே மொட்டையடிக்க இடம் கிடைத்த பகுதியில், சில குடிசைகளுக்கு மேடு கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பாதுகாப்பு என்ற சொல்லை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்கத் தொடங்கியது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான்.

கடைசி நாள் காலையில், முதல் நாள் வழி கேட்ட அந்த அம்மா வேலைக்குப் போகும் நேரத்தில் நானும் பேருந்துக்குக் கிளம்பியிருந்ததால், இருவரும் அதே குறுக்குப் பாதையில் சேர்ந்து நடந்தோம். மூட்டம் இன்னும் கலையவில்லை. பாதையின் நடுவே யானை இலத்தி கிடந்தது. புல்லும் மூங்கில் நாருமாக, பனியிலும் லேசாக ஆவி பறந்தது. அவர் குனிந்து புறங்கையால் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கூடையின் வாரைத் தலையில் சரிசெய்துகொண்டு, "சூடா இருக்கு. நாம ரோட்டு வழியா சுத்திப் போயிரலாம் தம்பி. பஸ்ஸு போனாப் போவுது, அடுத்தது ஏழரைக்கு இருக்கு" என்று சொல்லித் திரும்பி நடந்தார்.