யூஸ்டு மெஷின் பார்ட்ஸ்

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சரக்குப் பேப்பர் பார்க்கிறவன் நான். சரக்கு விவரத்தில் 'யூஸ்டு மெஷின் பார்ட்ஸ்' என்று மொட்டையாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். அதற்குள் எதை வேண்டுமானாலும் அடைக்கலாம்.

2003 அக்டோபரில் 'பிபிசி சைனா' கப்பல் துபாயிலிருந்து லிபியாவுக்குக் கொண்டுபோன ஐந்து கன்டெய்னர்களுக்கும் இதே விவரம்தான். உள்ளே மரப்பெட்டிகளில் இருந்தவை அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கு இயந்திரங்களின் பாகங்கள். மலேசியாவின் ஷா ஆலமில் ஒரு ஆலையில் கடைந்தவை. ஆர்டர் பிடித்துக் கொடுத்தவர் இலங்கைக்காரரான பி.எஸ்.ஏ. தாஹிர், அவருக்கு மேலே பாகிஸ்தானின் அணு விஞ்ஞானி ஏ.க்யூ. கான்.

இதைப் பிடிக்கக் கப்பற்படை துரத்தவில்லை. ஜெர்மனி அரசு தன் ஊர்க் கப்பல் கம்பெனியைக் கேட்டது, கம்பெனி சரி என்றது. சூயஸைத் தாண்டிய கப்பல் இத்தாலியின் தாரந்தோவுக்குத் திரும்பியது, பெட்டிகளை இறக்கிக்கொண்டார்கள்.

துரத்திய கதை அதற்கு முந்தைய வருடம் நடந்தது. 2002 டிசம்பரில் அரபிக்கடலில் 'சோ சான்' கப்பலை ஸ்பெயினின் 'நவார்ரா' போர்க்கப்பல் மறித்தது. எச்சரிக்கைக்குச் சுட்டு, ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் வீரர்களை இறக்கிப் பார்த்தால், சிமென்ட் மூட்டைகளுக்கு அடியில் வடகொரியாவின் 15 ஸ்கட் ஏவுகணைகள்! ஆனால் ஏமன் 'நாங்கள் வாங்கியது' என்றது. பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமில்லை; விட்டுவிட்டார்கள்.

அந்த அவமானத்துக்குப் பிறகுதான், 2003 மே மாதம் போலந்தின் கிராக்கோவில் அப்போதைய அமெரிக்க அதிபர் புஷ் 'பரவல் தடுப்புப் பாதுகாப்பு முயற்சி'யை அறிவித்தார். பேரழிவு ஆயுதங்களும் ஏவுகணைகளும் கடத்தப்படாமல் தடுக்கத்தான் இது. அலுவலகமோ ஒப்பந்தமோ கிடையாது. அவரவர் சட்டத்துக்கு உட்பட்டு நாடுகள் கைகோப்பதுதான். அதில் எனக்கு உருப்படியாகத் தோன்றுவது கூட்டுப் பயிற்சிகள் அல்ல, 2004-இல் லைபீரியா, பனாமா நாடுகளோடு அமெரிக்கா போட்ட கப்பல் சோதனை ஒப்பந்தங்கள். உலகச் சரக்குக் கப்பல்களில் கணிசமான பங்கு அந்த நாடுகளில் பதிவாகி, அந்தக் கொடிகளில்தான் ஓடுகிறது. நடுக்கடலில் ஏறிப் பார்க்கக் கொடிக்கார நாட்டின் சம்மதம் வேண்டும்.

இந்தியா இதில் சேரவில்லை. ஆனால் 1999-லேயே காண்ட்லாவில் வடகொரியாவின் 'கு வோல் சான்' கப்பலைத் திறந்து ஏவுகணைப் பாகங்களைப் பிடித்தது நம் கஸ்டம்ஸ்தான். பேப்பரில் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி என்று இருந்ததாம்.

அப்புறம், அந்த 'பிபிசி சைனா'வில் இன்னொரு கன்டெய்னரும் இருந்திருக்கிறது. தாரந்தோவில் யார் கண்ணிலும் படாமல், 2004 மார்ச்சில் அது லிபியா போய்ச் சேர்ந்தது. அதற்குள் அணுத்திட்டத்தையே கைவிட்டிருந்த லிபியாதான் அமெரிக்காவுக்குத் தகவல் சொன்னது.