0.025 மூல் சோடியம் காபனேற்றை நிறுத்தெடுத்தல்

உயர்தர வகுப்பு ஆய்வுகூடத்துக்கு லீற்றருக்கு 0.1 மூல் (பதார்த்த அளவின் அலகு) செறிவில் 250 மில்லிலீற்றர் சோடியம் காபனேற்றுக் கரைசல் தயாரிக்கும்போது, தராசைத் தொடுமுன் உப்புப் போத்தலில் இருப்பது நீரற்ற தூளா, நீர் சேர்ந்த பளிங்கா என்று லேபிளை வாசிக்கிறோம். தேவை 0.1 × 0.25 = 0.025 மூல். அதில் யாரும் தடுமாறுவதில்லை. கிராமுக்கு மாற்றும் இடத்தில்தான் பிசகும்.

நீரற்ற உப்பின் மூலர்த் திணிவு (ஒரு மூலின் நிறை, கிராமில்) 106, நிறுக்கவேண்டியது 2.65 கிராம். பத்து நீர் மூலக்கூறுகள் சேர்ந்த பளிங்குக்கு அது 286, 7.15 கிராம் வேண்டும். பளிங்கை எடுத்துவிட்டு 2.65 கிராமே நிறுத்தால் செறிவு 0.037 தான் வரும். அந்தக் கரைசலில் 25 மில்லிலீற்றரை மெதயில் செம்மஞ்சள் என்ற நிறங்காட்டி இட்டு, லீற்றருக்கு 0.2 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக்கமிலத்தால் நியமித்தால் (நிறம் மாறும்வரை அமிலத்தை அளந்து சேர்த்தால்), 25 மில்லிலீற்றரில் வரவேண்டிய முடிவு 9.3இலேயே வந்துவிடும். பிள்ளைகள் அமிலத்தில் பிழை தேடுவார்கள், பாவம்.

மட்டக்களப்பில் பளிங்கை நம்பவே கூடாது என்பது எங்கள் முடிவு. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது நீரை இழந்து மேலே வெள்ளைத் தூளாகும். 34 பாகை அளவில் தன் நீரிலேயே உருகியும் விடும். பிறகு 286 என்ற எண்ணுக்குப் பொருளில்லை. நீரற்ற தூளுக்கு மாரிதான் எதிரி, வாவிக்கரை ஈரத்தை உறிஞ்சும். ஆகவே அதை 270 பாகை செல்சியசில் ஒரு மணித்தியாலம் சூடாக்கி, நீரற்ற கல்சியம் குளோரைட்டு வைத்து மூடிய பாத்திரத்துள் ஆறவிட்டே நிறுக்கிறோம். சூட்டோடு வைத்தால் மேலெழும் காற்று தராசுத் தட்டைத் தூக்கி, வாசிப்பைக் குறைத்துக் காட்டும்.

சரியாக 2.65 வரும்வரை கரண்டியால் கூட்டிக் குறைக்க வேண்டாம். அந்த நேரத்தில் தூள் ஈரம் பிடிக்கும். 2.58 வந்தால் 2.58 என்றே எழுதுங்கள்: 2.58 ÷ 106 = 0.02434 மூல், 0.25ஆல் வகுக்க 0.0974. கரைசலின் லேபிளிலும் அதே எண்தான் போகவேண்டும்.

முகவையில் (கண்ணாடிக் குவளையில்) 100 மில்லிலீற்றர் வடித்த நீரை எடுத்து, கலக்கியபடி தூளைச் சிறிது சிறிதாகத் தூவவேண்டும். தூளின்மேல் நீரை ஊற்றினால் கட்டியாகிவிடும். புனல் வழியே 250 மில்லிலீற்றர் குறியிட்ட கனமானக் குடுவைக்கு (கனவளவு அளக்கும் குடுவைக்கு) மாற்றி, முகவையையும் கண்ணாடிக்கோலையும் மூன்று முறை கழுவி அந்த நீரையும் சேர்க்கவேண்டும். கழுவாவிட்டால் மூலில் ஒரு பங்கு முகவையிலேயே தங்கிவிடும். குறிவரை நிரப்பி, மூடியை அழுத்திப் பிடித்துப் பத்துத் தடவையாவது தலைகீழாக்குங்கள். கீழே அடர்த்தியான கரைசல் தங்கினால் குழாயியால் (அளந்தெடுக்கும் கண்ணாடிக் குழாயால்) எடுக்கும் ஒவ்வொரு முறைக்கும் வெவ்வேறு வாசிப்பு வரும்.