நஞ்சுக்கொடிக்குள் ஒரு கொடிக்கால்

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொடியை நட்டால் மட்டும் போதாது. ஏற அகத்தி நிற்க வேண்டும், நுனி போகப் போக வாழைநாரால் கட்டிக்கொண்டே வர வேண்டும். கருப்பையில் குழந்தைக்கு உணவும் ஆக்ஸிஜனும் தரும் நஞ்சுக்கொடிக்குள் (பிளாசென்டா) ரத்தக்குழாய் வளர்வதும் ஏறக்குறைய இப்படித்தான். குழாயை வளர்க்கும் புரதம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. எந்தப் புரதம், எந்த மாதத்தில், எவ்வளவு என்பதுதான் கேள்வி.

பிரசவ நேரத்தில் நஞ்சுக்கொடி அரை கிலோ இருக்கும், அகலம் சுமார் 22 செ.மீ. உள்ளே விரல் விரலாகக் கிளைத்த திசுவை விரித்துப் போட்டால் 12 சதுர மீட்டருக்குக் குறையாது. இந்த விரலிகள் தாயின் ரத்தத்தில் மூழ்கி நிற்கின்றன. குழந்தையின் ரத்தம் அவற்றுக்குள் இருக்கும் நுண்குழாய்களில் ஓடுகிறது. இரண்டும் கலப்பதில்லை.

கரு உருவான 21-ம் நாள் வாக்கில் முதல் குழாய்கள் தோன்றுகின்றன. அங்கே கிளை விட ஏற்கெனவே குழாய் எதுவும் கிடையாது. அங்கங்கே இருக்கும் செல்களே கூடிக் குழாயாகின்றன. அவற்றை அழைப்பது வி.ஈ.ஜி.எஃப் என்ற, ரத்தக்குழாய் வளரத் தூண்டும் புரதம். விரலியின் மேலுறையில் உள்ள ட்ரோபோபிளாஸ்ட் செல்களும், உள்ளே இருக்கும் ஹாஃப்பாவர் செல்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்களும் அதைச் சுரக்கின்றன. 8-ம் வாரத்தில் அந்த இடத்தில் ஆக்ஸிஜன் அழுத்தம் 20 மி.மீ. பாதரசம்தான். 12-ம் வாரத்தில் 60 வரை ஏறும். தாயின் கருப்பைச் சுவரில் உள்ள சுருள் தமனிகளின் வாயை ட்ரோபோபிளாஸ்ட் செல்கள் அடைத்து வைத்திருப்பதே தொடக்கத்தில் இப்படிக் குறைவாக இருக்கக் காரணம். இதைக் குறைபாடாக எண்ண வேண்டாம். ஆக்ஸிஜன் குறைவாக இருப்பதால்தான் செல்கள் வி.ஈ.ஜி.எஃப் உற்பத்தியைக் கூட்டுகின்றன.

அளவு எவ்வளவு கறாரானது என்பதை 1996-ல் எலிகளில் பார்த்தார்கள். வி.ஈ.ஜி.எஃப் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றே ஒன்றை எடுத்தாலும் கரு வயிற்றிலேயே இறந்துபோனது.

குழாய் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதையும் இதே புரதம்தான் சொல்கிறது. 121 அமினோ அமிலம் கொண்ட வடிவம் தாராளமாகப் பரவிவிடும். 189 கொண்டது சுரந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். 165 கொண்டது பாதி ஒட்டும், பாதி பரவும். அதனால் மூலத்துக்கு அருகே அடர்த்தி கூடுதலாகவும், தள்ளிப் போகப் போகக் குறைவாகவும் ஒரு சரிவு உண்டாகிறது. அதை முகர்ந்து முன்னேறும் நுனிச் செல், பக்கத்துச் செல்லை நாட்ச் என்ற, செல்லுக்குச் செல் பேசும் சமிக்ஞையால் தடுத்து, 'நீ தண்டாக இரு' என்று நிறுத்தி வைக்கிறது. எலிக்குஞ்சின் விழித்திரையில்தான் இதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. நாட்சை முடக்கினால் எல்லாச் செல்லும் நுனியாகப் பார்க்கும்; கிளைகள் நெருக்கியடிக்கும், ஆனால் ரத்தம் ஒழுங்காக ஓடாது.

வாழைநார்க் கட்டு போடுவது ஆஞ்சியோபொயட்டின்-1 என்ற இன்னொரு புரதம். குழாய்ச் செல்லின் மேல் அதைப் பிடிக்கும் டை-2 ஏற்பி வழியாகத் தாங்கு செல்களைக் குழாயோடு பிணைத்து வைக்கிறது. ஆஞ்சியோபொயட்டின்-2 அந்தக் கட்டைத் தளர்த்தும். தளர்ந்த இடத்தில் வி.ஈ.ஜி.எஃப் இருந்தால் புதுக் கிளை வரும், இல்லையென்றால் இருக்கும் குழாயும் வாடிவிடும்.

ஏழாம் மாதம் வளைகாப்பு போடும் நேரத்தில் உள்ளே வேலை மாறியிருக்கும். சுமார் 24-ம் வாரம் வரை கிளைப்பதே முக்கியம். அதற்குப் பிறகு குழாய்கள் நீண்டு, வளைந்து, அங்கங்கே உப்புகின்றன. உப்பிய இடங்களில் தாய்க்கும் சேய்க்கும் இடையிலான சுவர் 2, 3 மைக்ரானாக மெலிகிறது. இந்தக் கட்டத்தில் பி.எல்.ஜி.எஃப் (பிளாசென்டா வளர்ச்சிக் காரணி) என்ற புரதம் ஓங்கி நிற்கும். 1991-ல் நஞ்சுக்கொடியிலிருந்தே கண்டுபிடித்ததால் இதன் பெயரிலேயே நஞ்சுக்கொடி இருக்கிறது. வி.ஈ.ஜி.எஃப்-இன் முக்கிய ஏற்பிகளில் இது ஃப்ளிட்-1-ல் மட்டுமே ஒட்டும்.

சிக்கலும் அந்த ஃப்ளிட்-1-ல்தான். செல்லோடு ஒட்டாமல் ரத்தத்தில் மிதக்கும் அதன் துண்டு எஸ்.ஃப்ளிட்-1. வி.ஈ.ஜி.எஃப், பி.எல்.ஜி.எஃப் இரண்டையும் வழியிலேயே பிடித்துவைத்துவிடும். சுருள் தமனிகள் சரியாக விரியாதபோது நஞ்சுக்கொடி இதை அளவுமீறிக் கொட்டுகிறது. 2003-ல் அனந்த் கருமாஞ்சி குழு இதைக் கர்ப்பிணி எலிகளுக்குச் செலுத்தியபோது ரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் நோயான பிரிஎக்லாம்சியாவின் அடையாளங்கள் அப்படியே வந்தன.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கும் ஊர் என்பதே போதும். சர்க்கரை நோயாளியின் கண்ணில் வி.ஈ.ஜி.எஃப் மிஞ்சிப்போனால் அதை அடக்கப் போடும் ஊசிகளில் ஒன்று பெவாசிசுமாப். கண்ணுக்கு 1.25 மி.கி. போதும். இதே மருந்தைப் புற்றுநோய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 5 முதல் 15 மி.கி. வரை நரம்பில் ஏற்றும்போது சிலருக்கு பி.பி. ஏறி, சிறுநீரில் புரதம் வருகிறது. சிறுநீரக வடிகட்டியின் நுண்குழாய்களுக்கும் அன்றாடம் வி.ஈ.ஜி.எஃப் வேண்டும் என்பதுதான் காரணம். ஆக, மருந்து செய்வதை எஸ்.ஃப்ளிட்-1 கர்ப்பத்தில் தானே செய்கிறது. கர்ப்பமாக இருப்பவர்கள் கண் ஊசிக்கு முன்பு அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பிரிஎக்லாம்சியா வருமா என்று பார்க்கும் ரத்தச் சோதனையில் எஸ்.ஃப்ளிட்-1-ஐ பி.எல்.ஜி.எஃப்-ஆல் வகுப்பார்கள். 2016-ல் வெளியான ஆய்வின்படி, இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகம் உள்ள தாய்க்கு இந்த விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடுத்த ஒரு வாரத்தில் பிரிஎக்லாம்சியா வர வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு வாரம் என்பதை மறக்கக் கூடாது. பிரசவம் வரைக்குமான உத்தரவாதம் இல்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போட்டிருந்தால் எஸ்.ஃப்ளிட்-1 கூடுதலாகக் காட்டும், அதனால் ஊசி போட்ட நேரத்தைச் சீட்டில் எழுத வேண்டும்.

ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி நடக்கும் பிழை, வி.ஈ.ஜி.எஃப்-ஐ சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் நீரில், அளப்பது. ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தங்களிடம் இருப்பதையும் கொட்டிவிடும், எண் பொய்யாக ஏறும். ரத்தத்தை உறையவிடாமல் பிரிக்கும் பிளாஸ்மாவில்தான் அளக்க வேண்டும். நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுக்கும்போது ஓரத்தில் வெட்டாமல், நடுப்பகுதியில் பல இடங்களில் எடுத்து, உப்புக்கரைசலில் ரத்தம் போக அலசி, திசுவின் அளவைப் போலப் பத்து மடங்குக்குக் குறையாத ஃபார்மலினில் (திசு கெடாமல் காக்கும் கரைசல்) போட வேண்டும். சித்திரை வெயிலில் தட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனால் திசு கெட்டுவிடும். பனிக்கட்டி முன்கூட்டியே தயாராக இருக்கட்டும்.