பேரியாட்ரிக் அறுவைக்குப் பிறகு எடை அசையாமல் நின்றால்: எங்கே தேடுவது, எதைத் தொடக்கூடாது

எடை குறைப்பதற்கான பேரியாட்ரிக் அறுவை முடிந்து மூன்றாவது வாரம். திரவ உணவிலிருந்து மசித்த உணவுக்கு வந்தாயிற்று. நாள் முழுக்கச் சாப்பிட்டதைக் கூட்டினால் 600 கலோரி தேறாது. ஆனால் எடை மெஷின் ஆறு நாளாக ஒரே எண்ணைக் காட்டுகிறது. ஸ்லீவ் (இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது) ஆனாலும் பைபாஸ் (இரைப்பையில் சிறு பை அமைத்து அதைக் குடலோடு இணைப்பது) ஆனாலும் பலர் முதலில் கலங்குவது இந்த இடத்தில்தான். "எனக்கு மட்டும் வேலை செய்யவில்லையோ" என்ற சந்தேகம் வந்ததும், இருக்கிற கொஞ்சச் சாப்பாட்டிலும் கை வைக்கத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். இங்கே நடப்பது வெறும் தண்ணீர்க் கணக்கு.

கல்லீரலிலும் தசைகளிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு சுமார் அரை கிலோ வரை இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு திடீரெனக் குறையும்போது இந்தச் சேமிப்பு தீர்ந்து, அதோடு தண்ணீரும் வெளியேறிவிடுகிறது. முதல் பதினைந்து நாளில் மளமளவென்று இறங்கிய எடையில் ஒரு பங்கு கொழுப்பே அல்ல. பிறகு சாப்பாடு சற்றுக் கூடியதும் உடல் அந்தச் சேமிப்பை ஓரளவு நிரப்பிக்கொள்ளும், தண்ணீரும் திரும்பும். அதே நாட்களில் கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கும். கரைகிற கொழுப்பும் திரும்புகிற தண்ணீரும் சரிக்குச் சரியாக இருப்பதால் எண் மாறுவதில்லை. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரத்தில் இது தானாக விலகும். அதுவரை புரதம், தண்ணீர், நடை ஆகிய மூன்றையும் விடாமல் இருந்தால் போதும்.

இன்னும் குறைத்தால் இன்னும் இறங்கும் என்ற நம்பிக்கைக்கு ஒரு பழைய பாடம் உண்டு. 1944–45இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களுடைய தசையும் கொழுப்பும் கரைந்துகொண்டே போக, கால்களில் நீர் கோத்துக்கொண்டது. உண்மையில் இழந்த எடையின் ஒரு பகுதியை அந்த நீர் மறைத்துவிட்டது. குறைவாகச் சாப்பிடும் உடம்பில் எடை மெஷின் காட்டுவதை அப்படியே கொழுப்புக் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆகவே முதலில் அளக்கும் முறையைச் சரிசெய்யுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் குடிப்பதற்கு முன், கடினமான தரையில் மெஷினை வைத்து எடை பாருங்கள். கம்பளத்தின் மேல் வைத்தால் எண் தவறும். தினமும் பார்ப்பதாக இருந்தால் ஏழு நாள் எண்ணைக் கூட்டி ஏழால் வகுத்து, வாரச் சராசரியை மட்டும் ஒப்பிடுங்கள். மாதவிலக்கை ஒட்டிய நாட்கள், மலச்சிக்கல், முந்தின நாள் சாப்பிட்ட உப்பு, புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சியால் வந்த தசைவலி என்று இவை ஒவ்வொன்றும் ஒரு கிலோவரைக்கும் விளையாடும். கூடவே டேப் வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டுவிட்டு, வயிற்றை எக்காமல் சுற்றளவு எடுங்கள். கழுத்து, தொடை, மேற்கை ஆகியவற்றையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்து வையுங்கள். வாரச் சராசரியும் டேப்பும் சேர்ந்து நான்கு வாரம் அசையவில்லை என்றால்தான் அதைத் தேக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அப்படி நிஜமாகவே நின்றுவிட்டால் அடுத்து பார்க்க வேண்டியது கூட்டல் கழித்தல். 42 வயது, 160 செ.மீ. உயரம், அறுவையன்று 120 கிலோ இருந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். மிஃப்ளின் சூத்திரப்படி பெண்ணுக்கு எடையைப் பத்தால் பெருக்கி, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டி, வயதை ஐந்தால் பெருக்கிக் கழித்து, மேலும் 161 கழிக்க வேண்டும். (ஆணுக்கு 161 கழிப்பதற்குப் பதிலாக 5 கூட்ட வேண்டும்.) சும்மா இருக்கும்போதே உடம்பு செலவழிக்கும் கலோரி 1,829. அதிகம் நடமாட்டமில்லாத வாழ்க்கைக்கு அதை 1.3ஆல் பெருக்கினால் நாளுக்கு 2,380 அளவில் வரும். அப்போது அவர் சாப்பிட்டது 700. ஒரு கிலோ கொழுப்பு சுமார் 7,700 கலோரி என்று வைத்தால் வாரத்துக்கு ஒன்றரைக் கிலோ இறங்கும்.

எட்டு மாதம் கழித்து அவர் எடை 88 கிலோ. அதே சூத்திரம் இப்போது 1,509 காட்டும், மொத்தச் செலவு 1,960 அளவில். வீக்கம் வடிந்து, எல்லா உணவும் இறங்கத் தொடங்கி, 1,200 கலோரி சாப்பிடுகிறார். அது சரியான அளவுதான். வாரத்துக்கு 700 கிராம் இறங்க வேண்டும். ஆனால் எடை குறைந்த உடம்பு சூத்திரம் சொல்வதைவிடவும் சிக்கனமாக எரிக்கும். அந்தச் சிக்கனம் 150 கலோரி என்றும், கணக்கில் வராமல் வாய்க்குள் போவது 300 கலோரி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது வாரத்துக்கு 280 கிராம். நான்கு வாரத்தில் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும். அதைத் தண்ணீரின் ஏற்ற இறக்கம் முழுசாக மூடிவிடும். அவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு மாதமாக அசையாத எண்தான்.

இந்த மூன்றில் உடம்பின் சிக்கனத்தை நம்மால் பெரிதாக மாற்ற முடியாது. எடை குறைந்ததால் செலவு குறைந்ததையும் திருப்ப முடியாது, திருப்பவும் வேண்டாம். கை வைக்கக்கூடியது அந்த 300 மட்டும். அதைத் தேடத்தான் ஏழு நாள் எழுதிப் பார்க்கச் சொல்வது. ஒரு கிராம் துல்லியமுள்ள சமையல் தராசு வேண்டும். எண்ணெயைக் கரண்டியால் அளந்தால் தப்பும். சமைப்பதற்கு முன்னும் பின்னும் பாட்டிலையே தராசில் வைத்துப் பாருங்கள். 14 கிராம் குறைந்திருந்தால் 125 கலோரி. கை நிறைய அள்ளிய பருப்புக் கொட்டைகள் 30 கிராம் என்றால் 170ஐத் தாண்டும். 150 மி.லி. கொழுப்பு நீக்காத பாலும் இரண்டு டீஸ்பூன் சர்க்கரையும் சேர்த்த காபி 125 கலோரிக்கு மேல், நாளுக்கு மூன்று என்றால் 375. தேடிய 300 அங்கேயே கிடைத்துவிடும், சாப்பாட்டைத் தொடவே வேண்டியதில்லை. முக்கியமான ஒன்று: வாயில் போடுவதற்கு முன் எழுதுங்கள். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால், சமைக்கும்போது ருசி பார்த்ததும் குழந்தையின் தட்டில் மிஞ்சியதை வாயில் போட்டதும் விட்டுப்போகும்.

இனி வழுக்கிப்போகும் உணவுகள். அறுவை செய்துகொண்டவர்கள் தலைகீழாக நம்புகிற விஷயம் இது. பிஸ்கட், முறுகலான நொறுக்குத்தீனி எல்லாம் கையில் கெட்டியாக இருப்பதால் திட உணவு என்று நினைத்துவிடுகிறோம். ஒரு பிஸ்கட்டை வாயில் வைத்து நான்கு முறை மென்று பாருங்கள், எச்சில் பட்டதும் கூழ். இரைப்பைக்குள் அது நிற்காது, நேரே குடலுக்கு இறங்கிவிடும். 80 கிராம் வெந்த கோழிக்கறியை மென்று தின்ன இருபது நிமிடம் ஆகும், அதன் பிறகு மணிக்கணக்கில் பசி தெரியாது. கலோரி 130 சுமார். அதே இருபது நிமிடத்தில் ஆறு பிஸ்கட் எந்தத் தடையுமில்லாமல் இறங்கும், 240 கலோரி, அரை மணியில் மறுபடியும் வாய் ஊறும். ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்தாலும், ஐஸ்கிரீமையும் சாக்லேட்டையும் அது தடுக்காது. கெட்டியான புரதத்தைத்தான் தடுத்து நிறுத்திப் பசியை அடக்கும். வாந்திக்குப் பயந்து மெத்தென்ற உணவிலேயே தங்கிவிட்டவர்களின் எடை நிற்பது இதனால்தான். உண்மையில் தடை அதிகமாகி எதுவும் இறங்கவில்லை என்றால் அது பாதை குறுகிப்போன நிலை, அதை மருத்துவர் பார்க்க வேண்டும்.

சாப்பிடும்போது தண்ணீர் குடிப்பதும் இதே கதை. மென்றதைத் தண்ணீர் கரைத்து இறக்கிவிடும். சாப்பிட்டபின் அரைமணி பொறுங்கள், மற்ற நேரத்தில் மடக்கு மடக்காக ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் குடித்துவிடுங்கள்.

புரதம் நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக்கூடாது, 80 இலக்கு. குடலைப் பெருமளவு சுற்றிவிடும் டியோடினல் ஸ்விட்ச் போன்ற அறுவைகளில் இதைவிடவும் கூடுதல். எட்டாம் மாதத்தில் ஒரு நாள் இப்படி அமையலாம்: இரண்டு முட்டை (12), வெந்த கோழிக்கறி 80 கிராம் (24), வெந்த பருப்பு 100 கிராம் (9), வடிகட்டிய கெட்டித்தயிர் 150 கிராம் (14), மீன் 70 கிராம் (16). மொத்தம் 75. தட்டில் புரதத்தை முதலில் முடியுங்கள், பிறகு காய், இடமிருந்தால் மட்டும் மாவுச்சத்து. மூன்று வேளை, தேவைப்பட்டால் குறித்த நேரத்தில் ஒரு சிற்றுண்டி. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொறிப்பதற்கு "சின்ன வயிறு, அடிக்கடி சாப்பிட வேண்டும்" என்று ஒரு சாக்கு உண்டு. முதல் மாதங்களோடு அந்த அறிவுரையின் காலம் முடிந்துவிடுகிறது.

உடற்பயிற்சியில் என் கட்சி எடை தூக்கும் பக்கம். நடை நல்லதுதான், ஆனால் தசையைக் காப்பாற்றாது, தசை போனால் உடம்பின் செலவும் போகும். மருத்துவர் அனுமதித்த பிறகு, பொதுவாக 4 முதல் 6 வாரம் கழித்து, வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று நாள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுவது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, எடையைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து நிமிர்வது. ஒவ்வொன்றும் 10 முறை, மூன்று சுற்று. 12 முறை சுலபமாக வந்தால் எடையைக் கூட்டுங்கள். கூட்டாமல் ஆறு மாதம் அதையே செய்வதில் பயன் குறைவு. தொடங்கிய இரண்டு வாரத்தில் எடை அரைக் கிலோ கூடினால், அது தசையில் தங்கிய நீர்.

இத்தனையும் சரியாக இருந்தும் நின்றால் மருந்துச்சீட்டை எடுங்கள். எடையைப் பிடித்து வைக்கும் மருந்துகள் நிறைய: இன்சுலின், கிளிமெபிரைட், பயோகிளிட்டசோன், பிரெட்னிசோலோன், ப்ரொப்ரனலால், அட்டெனலால், அமிட்ரிப்டிலின், மிர்டசபின், ஒலான்சபின், வால்புரோயேட், காபாபென்டின், ப்ரிகாபாலின். இவற்றில் எதையும் நீங்களாக நிறுத்தக்கூடாது, சில திடீரென நின்றால் ஆபத்து. எழுதிக்கொடுத்தவரிடம் "இதற்கு எடை கூட்டாத மாற்று உண்டா" என்று கேளுங்கள். தலைவலிக்காக என்றோ தொடங்கிய மாத்திரை பல வருடமாகத் தொடர்வது அபூர்வமல்ல.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு பொறி இருக்கிறது. அறுவைக்குப் பிறகு கால்சியமும் இரும்பும் சேரும். தைராக்சினோடு அவை வயிற்றில் சந்தித்தால் மாத்திரை உடம்பில் ஏறாது. காலை வெறும் வயிற்றில் தைராக்சின், நான்கு மணி நேரம் கழித்துத்தான் இரும்போ கால்சியமோ. அந்த இரண்டுக்கும் நடுவிலும் இரண்டு மணி இடைவெளி வேண்டும். கால்சியம் சிட்ரேட்டை ஒரே வேளையில் விழுங்காமல் 500 மி.கிராம் அளவுகளாகப் பிரியுங்கள். தைராய்டு அளவு சரியா என்று காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனையையும் செய்துவிடுங்கள். மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் அவசியம். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும், ஆனால் எடை வேகமாக இறங்கும் முதல் 12–18 மாதத்தில் கருவுக்குச் சத்துக் குறையக்கூடும் என்பதால் அப்போது கர்ப்பம் வேண்டாம் என்று சொல்லப்படுகிறது.

சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, கட்டுக்கடங்காத பசி என்று வந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கிப்போகும் "லேட் டம்பிங்" என்ற நிலையாக இருக்கலாம். பைபாஸ்காரர்களுக்கு அதிகம். நடுக்கத்தை அடக்க இனிப்பு, இனிப்பால் மறுபடி நடுக்கம் என்று சுற்றிச் சுற்றி வரும். அந்த வேளையில் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து எண்ணோடு மருத்துவரிடம் போங்கள்.

"பை விரிந்துவிட்டது", அதாவது சிறிதாக்கிய இரைப்பை பெரிதாகிவிட்டது என்ற பயம் பெரும்பாலும் வீண். ஒரு வருடத்தில் ஒரு வேளைக்கு ஒரு கோப்பை அளவு உணவு இறங்குவது இயல்பு. ஐந்து நாள் திரவத்தில் இருந்தால் பை சுருங்கும் என்று சொல்லப்படும் வைத்தியம் எதையும் சுருக்காது. அதில் இறங்கும் இரண்டு கிலோ கிளைக்கோஜன் தண்ணீர், ஆறாம் நாள் சாப்பாட்டோடு திரும்பிவிடும். ஆனால் கெட்டியான புரதம் தின்றும் நிறைவே வராமல், பசி பழையபடி திரும்பி, பைபாஸ் செய்தவருக்கு நெஞ்செரிச்சலோ மேல்வயிற்று வலியோ சேர்ந்துகொண்டால் எண்டோஸ்கோப்பியும் பேரியம் எக்ஸ்ரேயும் தேவை. சிறு பைக்கும் பழைய இரைப்பைக்கும் நடுவே வழி திறந்துகொள்வது அபூர்வமாக நடக்கும்.

பசியைக் குறைக்கும் செமக்ளூடைட், டிர்செபடைட் ஊசிகள் அறுவைக்குப் பின்னும் உதவுகின்றன. ஆனால் பசியோடு புரதத்தையும் சாய்த்துவிடும். நாளுக்கு 40 கிராம் புரதம்கூடத் தேறாதவர் முதலில் அதைச் சரிசெய்யாமல் ஊசி போட்டால் தசைதான் கரையும். வாந்தி சில நாள் தொடர்ந்தால் தயமின் (வைட்டமின் பி1) தீர்ந்துபோய் நரம்பைப் பாதிக்கும், காத்திருக்கக்கூடாது.

கடைசியாக நாள்காட்டியையும் பாருங்கள். ஸ்லீவில் சராசரியாக மொத்த எடையில் 25 சதவீதமும் பைபாஸில் 30 சதவீதமும் இறங்குகிறது, பெரும்பகுதி முதல் 12–18 மாதத்துக்குள். மேலே சொன்ன பெண்ணின் 88 கிலோ என்பது 27 சதவீத இறக்கம். எட்டாம் மாதத்தில் அங்கே நின்றால் தேட வேண்டும். இருபதாம் மாதத்தில் ஸ்லீவ் செய்தவர் அங்கே நின்றால் அறுவை தர வேண்டியதைத் தந்து முடித்துவிட்டது. அதற்குக் கீழே போக வேண்டுமானால் ஊசியா, பைபாஸுக்கு மாற்றும் மறு அறுவையா, அல்லது 88லேயே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் அடங்கியிருக்கின்றனவே, போதுமா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.