பாக்கெட் மாவும் அம்மா மேல விழுற பேச்சும்

புள்ளைங்களுக்கு என்ன குடுக்குறேன்னு கேக்காத ஆளே இல்ல. லிஃப்ட்ல பாக்குற அக்கா கேப்பாங்க, கல்யாணப் பந்தியில பக்கத்து எலையில உக்காந்திருக்குற பெரியம்மா கேப்பாங்க, ஊர்ல இருந்து போன் பண்ற சித்தி மொத கேள்வியா அதைத்தான் கேப்பாங்க. கேக்குறதுல தப்பில்ல. ஆனா "இன்னைக்கு நூடுல்ஸ் சித்தி"ன்னு சொன்ன உடனே அந்தப் பக்கம் ஒரு சத்தமில்லாத கேப் வரும் பாருங்க, அதுக்கு அப்புறம் "ஏன்டி, ரெண்டு இட்லி ஊத்த முடியலையா"ன்னு வரும். இதைப் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன், இப்ப எழுதிடுறேன்.

நான் கூடுவாஞ்சேரில இருந்து நுங்கம்பாக்கத்துக்கு ட்ரெயின்ல வேலைக்குப் போறவ. பெரியவன் ரெண்டாங்கிளாஸ், சின்னவ எல்கேஜி. காலைல எங்க வீட்டு அடுப்புல ரெண்டு பர்னர்தான், ஒண்ணுல மத்தியானத்துக்கு குக்கர் ஏறிடும், இன்னொண்ணுல பால் காயணும், அது எறங்குனா காபி, அதுக்கப்புறம்தான் புள்ளைங்க டிபன், நடுவுல யாராவது சுடுதண்ணி கேட்டா அதுவும் அதே பர்னர்தான். அந்த ரெண்டாவது பர்னர் எனக்கு எவ்வளவு நேரம் கெடைக்குதுங்கறத வெச்சுதான் அன்னைக்கு டிபன் என்னன்னு முடிவாகுது. இட்லிப் பொடி தடவுன இட்லி, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் இதெல்லாம் போகுற நாளும் உண்டு, பிரெட் ஆம்லெட், கடையில வாங்குன சப்பாத்தி, நூடுல்ஸ் போகுற நாளும் உண்டு. நூடுல்ஸ்னா வெறும் நூடுல்ஸ் இல்ல, மொத நாள் ராத்திரியே துருவி வெச்ச கேரட், பொடியா நறுக்குன பீன்ஸ் போட்டு வதக்கி, ஒரு முட்டைய உடைச்சு ஊத்திக் கிண்டி, மசாலா பாக்கெட்ல பாதிய மட்டும் போடுவேன். பெரியவன் டப்பாவக் காலி பண்ணிட்டு வருவான். அது எனக்கு முக்கியம்.

மொதல்ல மாவு விஷயத்தச் சொல்றேன், ஏன்னா எங்க வீட்டுல அதிகமா பேச்சு வாங்குறது நூடுல்ஸ் இல்ல, பாக்கெட் மாவுதான். "வீட்டு மாவு மாதிரி வருமா"ன்னு அத்தை சொல்லுவாங்க. வராதுதான், அவங்க அரைக்குற மாவுல இட்லி பூ மாதிரி இருக்கும், அதை நான் மறுக்கவே மாட்டேன். ஆனா அரிசி தனியா உளுந்து தனியா ஊற வெச்சு, உளுந்துக்குத் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு ஆட்டி, அரிசி ஆட்டி, உப்புப் போட்டுக் கரைச்சு வெச்சு, கடைசில அந்தக் குழவிய வெளிய எடுத்து இடுக்குல ஒட்டுன மாவையெல்லாம் வழிச்சுக் கழுவுறது இருக்கு பாருங்க, அந்தக் கழுவுற வேலைய யாருமே கணக்குல எடுக்குறதில்ல. மே மாசத்துல மத்தியானத்துக்குள்ளயே பொங்கி வழியும், மார்கழில விடிஞ்சாலும் புளிச்சிருக்காது, அதையும் பாத்துக்கணும். ஞாயித்துக்கிழமை ஒரு நாள்தான் லீவு, அதுல பாதி கிரைண்டர் முன்னாடி போயிடும்.

இதுல ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அத்தையோட அம்மா காலத்துல ஆட்டுக்கல்லுதான். கோயம்புத்தூர்ல சபாபதின்னு ஒருத்தர் 1955ல வெட் கிரைண்டர் செஞ்சாரு, அப்புறம் அது வீடு வீடா வந்துச்சு, 2011ல தமிழ்நாடு அரசே மிக்ஸி கிரைண்டர் ஃபேன் இலவசமா குடுத்துச்சு. கிரைண்டர் வந்த புதுசுல "ஆட்டுக்கல் ருசி வராது"ன்னு சொன்னவங்க இருந்தாங்கன்னு அத்தையே எங்கிட்ட சொல்லிருக்காங்க. இன்னைக்குக் கிரைண்டர்ல அரைக்குற பொம்பளைய யாராவது சோம்பேறின்னு சொல்றாங்களா? ஆட்டுக்கல்லுல இருந்து ஒரு பொம்பளையோட கை விடுபட்டதை நாம நல்லதுன்னு ஏத்துக்கிட்டோம். அடுத்த படி பாக்கெட் மாவுங்கும்போது மட்டும் ஏன் அது புள்ளை மேல பாசம் இல்லாததா மாறுது?

நான் மாவு வாங்குறது அடுத்த தெருவுல இருக்குற ஒரு அக்காகிட்ட, ரெண்டு பெரிய டில்ட்டிங் கிரைண்டர் போட்டு வீட்டு முன் ரூம்லயே அரைக்குறாங்க, சாயங்காலம் நாலு மணிக்கு மேல போனா அன்னைக்கு அரைச்சது கெடைக்கும். அவங்களுக்கும் ஸ்கூல் போற பொண்ணு இருக்கு, அந்தப் பொண்ணு ஃபீஸ் இந்த மாவுலதான் வருது. அவங்க இல்லாத நாள் அண்ணாச்சி கடையில வாங்குவேன், அங்க வாங்கும்போது பாக்கெட் உப்பியிருக்கா, மேல தண்ணி பிரிஞ்சிருக்கா, எந்தத் தேதின்னு பாத்துத்தான் எடுப்பேன். அவ்வளவுதான் இதுல இருக்குற ஆபத்து, அதுக்கு மேல பூதம் ஒண்ணும் இல்ல.

இப்ப நூடுல்ஸுக்கு வர்றேன். நான் ஒண்ணும் அது சத்தான சாப்பாடுன்னு சண்டை போட வரல. மைதா, பாமாயில், உப்பு, இதுதான் அதுல பெரும்பகுதி. பாக்கெட் பின்னாடி எது அதிகமா இருக்கோ அதைத்தான் மொதல்ல போடணும்ங்கறது இங்க சட்டம், அதனால மொத மூணு பேரைப் படிச்சாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். சோடியம்னு மில்லிகிராம்ல போட்டிருப்பாங்க, அதை 2.5ஆல பெருக்குனா உப்பு எவ்வளவுன்னு வரும். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள உப்பு போதும்னு சொல்லுது, சின்னப் புள்ளைக்கு அதைவிடக் கம்மி. நான் மசாலாவ பாதி போடுறதுக்குக் காரணம் இதுதான். ஆனா இதே கணக்கை அப்பளம், வடகம், ஊறுகாய், மோர்மிளகாய் எல்லாத்துக்கும் போட்டுப் பாருங்க. தயிர் சாதத்துக்கு மாங்காய் ஊறுகாய் வெச்சு அனுப்புனா "நம்ம ஊர் சாப்பாடு"ன்னு பாராட்டு வரும். உப்புக்கு அது தெரியாது.

2015 ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. ஜூன் மாசம் மேகில ஈயம் அளவுக்கு மேல இருக்குன்னு சொல்லி நாடு முழுக்க நிறுத்தச் சொன்னாங்க, தமிழ்நாட்டுலயும் தடை போட்டாங்க. ஆகஸ்ட்ல பம்பாய் ஹைகோர்ட் அந்தத் தடைய ரத்து பண்ணி, அங்கீகாரம் உள்ள லேப்ல திரும்ப டெஸ்ட் பண்ணச் சொல்லுச்சு, அதுல தேறுன பின்னாடி நவம்பர்ல மறுபடி கடைக்கு வந்துச்சு. ஆகஸ்ட்லயும் நவம்பர்லயும் நடந்ததை யாரும் ஃபாமிலி குரூப்ல ஃபார்வர்ட் பண்ணல. ஜூன்ல வந்த பயம் மட்டும் அப்படியே தங்கிடுச்சு, இன்னைக்கும் "விஷம்"ங்கற வார்த்தைய ரொம்ப சாதாரணமா சொல்றாங்க, ஒரு அம்மாகிட்ட நீ புள்ளைக்கு விஷம் குடுக்குறன்னு சொல்றோமேன்னு கொஞ்சமும் யோசிக்கறதில்ல.

இதுல பெரியவங்கதான் ரொம்ப வருத்தப்பட வெக்கிறாங்க, ஏன்னா அவங்க வளத்த காலத்துல இல்லாத டப்பாவா? பால்ல ஹார்லிக்ஸ் கலந்து குடுத்தாதான் புள்ளை வளரும்னு நம்புன வீடு எத்தனை, காய்ச்சல்னா பிரெட், அழுதா பால்ல முக்குன பிஸ்கெட். அப்ப அதைக் குடுத்தவங்க கெட்ட அம்மாவா? இல்லவே இல்ல. விளம்பரத்துல சொன்னதை நம்புனாங்க, கையில இருந்த நேரத்துக்கு எது முடிஞ்சதோ அதைக் குடுத்தாங்க. 2024 ஏப்ரல்ல மத்திய அரசு இந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்'னு பேர் போட்டு ஆன்லைன்ல விக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. அதுக்காக நான் எங்கம்மாவப் பாத்து ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். அதே மரியாதை எனக்கும் வேணும்.

கைக்குழந்தை வெச்சிருக்குறவங்க பாடு இதைவிட மோசம். பால் பத்தாம பவுடர் பால் குடுத்தா அந்தப் பொண்ணு படுற பாட்டை எங்க சொந்தத்துலயே பாத்திருக்கேன், பாக்க வர்ற ஒவ்வொருத்தரும் டப்பாவப் பாத்துட்டு, அவளைப் பாத்துட்டு, ஒரு பெருமூச்சு விட்டுட்டுப் போவாங்க. மொத ஆறு மாசம் தாய்ப்பால் மட்டுந்தான் நல்லதுங்கறதுல எனக்கு மாற்றுக் கருத்தே இல்ல. பவுடர் பாலுக்கு விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு 1992லயே நம்ம நாட்டுல சட்டம் போட்டாங்க, அது ரொம்ப நல்ல சட்டம். ஆனா அது கம்பெனிக்காரங்களைக் கட்டுப்படுத்தப் போட்ட சட்டம். பிரசவம் ஆகி உடம்பு தேறாத ஒரு பொண்ணை நிக்க வெச்சுக் கேள்வி கேக்க யாருக்கும் அதுல உரிமை குடுக்கல.

எங்க வீட்டுல பாத்திரம் தேய்க்க வர்ற அக்காவப் பத்தியும் சொல்லணும். காலைல இருட்டுலயே கெளம்பி நாலு வீடு முடிக்கணும், அவங்க பையனுக்கு முன்னெல்லாம் டீயும் பன்னும்தான் காலைச் சாப்பாடு. அதைக் கேட்டு ஒரு அம்மா எங்க அபார்ட்மெண்ட்லயே "இவங்களுக்கெல்லாம் என்ன தெரியும்"னு சொன்னாங்க, எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. என்ன தெரியணும்? அந்த நேரத்துக்கு உலை வெக்க ஆள் வேணும், அந்த ஆள் அப்ப நாலாவது மாடில நம்ம வீட்டுப் பாத்திரத்தைத் தேச்சுக்கிட்டு இருக்காங்க. அந்தப் பையன் கவர்மெண்ட் ஸ்கூல்ல படிக்கிறான், இப்ப அங்கயே காலைச் சாப்பாடு. 2022 செப்டம்பர்ல மதுரைல ஆரம்பிச்ச காலை உணவுத் திட்டம், அடுத்த வருஷம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துச்சு, உப்புமா, கிச்சடி, பொங்கல், கூட காய்கறி சாம்பார். மகளிர் சுய உதவிக் குழுப் பொம்பளைங்கதான் சமைக்கிறாங்க. அதுக்கு முன்னாடியே காமராஜர் காலத்துலயும், 1982 ஜூலைல எம்ஜிஆர் பெருசாக்குன பின்னாடியும் மத்தியானச் சாப்பாடு இருந்துச்சு. அங்கன்வாடில குடுக்குற சத்துமாவு கூட பாக்கெட்டுல வர்றதுதான், அடுப்புல வெச்சுக் காய்ச்சணும்னு இல்ல, வறுத்து அரைச்சது, உருண்டை பிடிச்சே குடுக்கலாம். அவசரத்துல இருக்குற அம்மாவுக்கு எது உதவும்னு இந்தத் திட்டங்களைக் கொண்டு வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. புள்ளை பசியோட வருதுன்னு தெரிஞ்சதும் அம்மாவத் திட்டல, அடுப்பப் பத்த வெச்சாங்க. நான் எதிர்பாக்குறது அதுதான்.

இன்னொரு விஷயம், இதை எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. போன வருஷம் எனக்கு ஆபீஸ்ல ஆடிட் சமயம், அப்ப புள்ளைங்க டிபனை அவரு பாத்துக்கிட்டாரு. அதே நூடுல்ஸ், அதே கேரட், அதே முட்டை. ஊர்ல இருந்து வந்திருந்த சொந்தக்காரங்க பாத்துட்டு "எவ்வளவு பொறுப்பா இருக்கான் பாரு"ன்னு நெகிழ்ந்துட்டாங்க. அவரு நல்லாத்தான் செஞ்சாரு, பாராட்டட்டும், எனக்கும் சந்தோஷம்தான். ஆனா ஒரே டப்பா, ஒரே சாப்பாடு, என் கையில இருந்தா அலட்சியம், அவர் கையில இருந்தா பொறுப்பு. அப்ப பிரச்சனை நூடுல்ஸ்ல இல்லன்னு எனக்கு அன்னைக்கே உறுதியாயிடுச்சு. 2024ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல, சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம், ஆம்பளைங்க 88 நிமிஷம்னு வந்துச்சு, அதுவும் வீட்டு வேலை செய்ற ஆம்பளைங்கள மட்டும் எடுத்துப் போட்ட கணக்கு. யாரு டிபன் பாக்ஸைப் பத்திப் பேசுனாலும் இந்த 289யும் 88யும் பக்கத்துல வெச்சுட்டுப் பேசணும்னு நெனைக்கிறேன்.

ஸ்கூல்ல இருந்தும் இந்தப் பேச்சு வருது. ஸ்னாக்ஸ் டைம்டேபிள்னு ஒண்ணு குடுத்திருக்காங்க, திங்கள் பழம், செவ்வாய் சுண்டல், புதன் வேர்க்கடலை உருண்டை, இப்படி. லிஸ்ட் நல்ல லிஸ்ட், நானே அதுக்கு ஆதரவு, பிஸ்கெட்டுக்குப் பதிலா சுண்டல் போனா புள்ளைக்கு நல்லதுதான். ஆனா ஒரு நாள் பிரெட் ஜாம் போனதுக்கு டைரில செவப்பு மையில "ஜங்க் நாட் அலவ்ட்"னு எழுதி, அதை என் பையன் கையிலயே குடுத்து அனுப்புனாங்க. அவன் என்னைப் பாத்து "அம்மா நீ தப்பு பண்ணிட்டியா"ன்னு கேட்டான். ஏழு வயசுப் புள்ளைக்குச் சாப்பாட்டைப் பாத்து வெக்கப்படக் கத்துக்குடுக்குறது எந்தச் சத்துணவுப் பாடத்துலயும் இல்ல. அவன் அதுக்கு அப்புறம் கொஞ்ச நாள் டப்பாவ மூடியால மறைச்சுக்கிட்டு சாப்பிட்டிருக்கான், மிஸ்ஸே பிடிஎம்ல, அதான் பேரண்ட்ஸ் டீச்சர் மீட்டிங்ல, சொன்னாங்க.

அந்த பிடிஎம்ல நான் மிஸ்கிட்ட ரெண்டு விஷயம் கேட்டேன். சாப்பாட்டப் பத்தி ஏதாவது சொல்லணும்னா எனக்குப் போன் பண்ணுங்க, புள்ளை வழியா அனுப்பாதீங்கன்னு ஒண்ணு. அதுக்கு உடனே சரின்னுட்டாங்க, நல்ல மனுஷி. ரெண்டாவது, கிளாஸ் வாட்ஸ்ஆப் குரூப்புக்கு 'பேரண்ட்ஸ்'னு பேர் வெச்சிருக்கீங்க, உள்ள இருக்குறது பூரா அம்மாங்க நம்பர், அப்பாங்க நம்பரையும் சேத்துட்டு அடுத்த மாச ஸ்னாக்ஸ் லிஸ்ட்டை ரெண்டு பேருக்கும் அனுப்புங்கன்னு கேட்டேன். மேனேஜ்மெண்ட்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்னாங்க. இன்னும் சேக்கல, அடுத்த பிடிஎம்லயும் கேப்பேன், இதைப் படிக்கிற நீங்களும் உங்க புள்ளைங்க ஸ்கூல்ல கேளுங்க.