10 ரூபாய் மலை, 250 ரூபாய் ஆட்டோ

மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் சமணர் மலைக்கு எந்த பஸ், எங்கே இறங்குவது, எவ்வளவு நடக்க வேண்டும் என்று வரிசையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆட்டோக்காரரைப் பற்றிச் சொல்லாமல் கை ஓடாது போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்கால். நாகமலைப் புதுக்கோட்டை ஸ்டாப்பில் நானும் மனைவியும் இறங்கி நிற்கிறோம். (வெளியூர்க்காரர்களுக்கு: தொண்டைமான் ஆண்ட புதுக்கோட்டை வேறு. தேனி ரோட்டில், காமராசர் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் வருவது இது.) மலையடிவாரத்து ஊரான கீழக்குயில்குடிக்கு எவ்வளவு அண்ணே என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"எரநூத்தம்பது."

"நாலு கிலோமீட்டர்கூட இருக்காதேண்ணே. ஏறி இறங்குற வரைக்கும் நிப்பீங்களா?"

"வெயிட்டிங் தனி சார். வெயில்ல நடக்க முடியாது, அக்காவ வேற கூட்டி வந்திருக்கீங்க."

அக்காவுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. அந்த அக்கா பெரியார் பஸ் ஸ்டாண்டில் முக்கால் மணி நேரம் நின்று, கண்ணெதிரே வந்த இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு, முன்பக்கம் பிங்க் அடித்த சாதாரண பஸ்ஸுக்காகக் காத்திருந்து காசு கொடுக்காமல் வந்தவள். எனக்கு 10 ரூபாய் டிக்கெட். ஆக இருவருக்கும் சேர்த்து 10 ரூபாயில் ஊரைத் தாண்டி வந்திருக்கிறோம். மிச்சம் இருக்கிற துண்டு தூரத்துக்கு 250. "ஏங்க, நடங்க" என்றாள். நடந்தோம்.

நடந்தது நல்லதாகப் போயிற்று. காலை வெயில் இன்னும் ஏறவில்லை. மெயின் ரோட்டு இரைச்சல் பத்து நிமிடத்தில் பின்னால் போய்விடுகிறது. அப்புறம் ஆட்டுக்குட்டிச் சத்தமும் எங்கள் செருப்புச் சத்தமும்தான். ஒரே ஒரு பாறையாக மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டே வருவதை ஆட்டோவில் உட்கார்ந்து பார்த்திருக்க முடியாது. பெரியாரிலிருந்து நேராகக் கீழக்குயில்குடிக்கே டவுன் பஸ்ஸும் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. நேரத்தைக் கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டு போனால் இந்த நடையும் மிச்சம், சண்டையும் மிச்சம்.

மலையடிவாரத்தில் தாமரைக்குளம், பெரிய ஆலமரங்கள், அய்யனார் கோயில். மதுரையில் இவ்வளவு நிழலை ஓரிடத்தில் நான் பார்த்ததில்லை. பாறையில் வெட்டிய படிகள் இங்கிருந்துதான் ஏறுகின்றன. ஏற்றம் ஒன்றும் பிரமாதம் இல்லை. என் முட்டிக்கே தாங்கியது என்றால் யாருக்கும் தாங்கும். ஆனால் தண்ணீரைக் கீழேயே வாங்கிக்கொள்ளுங்கள், மேலே கடை கிடையாது. ஒரு லிட்டர் பாட்டிலோடு போன எங்களுக்குப் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது.

கொஞ்சம் ஏறினால் பேச்சிப்பள்ளம். ஒரு சுனை, அதன் மேலே பாறை முகத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் வணங்கும் குருமார்கள். தலைக்கு மேல் பாம்பு படம் விரித்து நிற்பவர் பார்சுவநாதர். கால்களில் கொடி சுற்ற அசையாமல் நிற்பவர் பாகுபலி. சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்து, அந்தக் காலத்துத் தமிழ் எழுத்து. எனக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் ஒன்றில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போயிருந்தேன்: அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி. அச்சணந்தி மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் பல இடங்களில் பெயர் வரும் சமணத் துறவி. ஆயிரம் வருஷத்துக்கும் முன்னால் துறவி ஒருவரின் அம்மா ஆள் வைத்துச் செதுக்கியிருக்கிறார். மகன் வீட்டை விட்டுப் போன பிறகும் அவன் பேரைத்தான் முதலில் போட்டிருக்கிறார். அந்த இடத்தில் மனைவி ரொம்ப நேரம் பேசவே இல்லை. அப்புறம் "எங்கம்மாவும் இப்படித்தான் எழுதும்" என்றாள்.

பக்கத்துப் பாறையில் வெள்ளை பெயிண்டில் ஒரு இதயம், உள்ளே இரண்டு இனிஷியல். பெயிண்ட் டப்பாவையும் பிரஷையும் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் மூச்சு வாங்க ஏறி வந்திருக்கிறார்கள் பாருங்கள், அந்த உழைப்பைச் சொல்ல வேண்டும். உடைந்த பாட்டில் சில்லு வேறு. செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாம் என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

உச்சி தட்டையாக, அகலமாக இருக்கிறது. பழைய சமணப் பள்ளியின் (பள்ளிக்கூடம் இல்லை, சமணக் கோயில்) அடித்தளம், விளக்குத்தூண் நின்ற இடம், அங்கே ஒரு கன்னடக் கல்வெட்டு. காற்று சும்மா ஆளைத் தள்ளுகிறது. ஒரு பக்கம் பாம்பு படுத்தது மாதிரி நீளமாக நாகமலை, இன்னொரு பக்கம் திருப்பரங்குன்றம், தூரத்தில் புகைக்குள் மதுரை. அங்கே உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டோம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி, துணியில் கட்டி வைத்திருந்த ஆறிப்போன இட்லி. இந்தப் பயணத்தின் சிறந்த சாப்பாடு அதுதான், பின்னால் சொல்லப்போகிற ஜிகர்தண்டாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இறங்கிய பிறகு மலையை ஒட்டியே சுற்றிப் போனால் செட்டிப்பொடவு. பொடவு என்றால் குகை. வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரர் ஊர்க்காரர்களுக்குச் செட்டியார் ஆகிவிட்டார், குகைக்கும் அதே பெயர். உள்ளே குனிந்து போய் மேலே பார்க்க வேண்டும். சிங்கத்தின் மேல் ஒரு பெண், கையில் வில். எதிரே யானை மேல் ஒருவன். உள்ளங்கையை நீட்டினால் தொட்டுவிடும் உயரம். தொடாதீர்கள். இவ்வளவு தூரம் வந்துவிட்டு இதைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

குளக்கரைக்குத் திரும்பினால் ஒரு அப்பத்தா வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தது. 20 ரூபாய்க்கு ஒரு கூறு. பிஞ்சை நான்காகக் கீறி, நடுவில் உப்பும் மிளகாய்த்தூளும் வைத்துத் தேய்த்து, "தண்ணி கொண்டாராம ஏறுனீகளாக்கும்" என்று ஒரு குட்டும் வைத்துக் கொடுத்தது. அப்போதுதான் அதே ஆட்டோ ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்து நின்றது. நான் கண்டுகொள்ளாமல் இருந்தேன். மனைவி இருப்பாளா? இறங்கிய அம்மாவிடம் நேராகப் போய்க் கேட்டாள்.

150 ரூபாயாம். அதுவும் ஐந்து பேருக்கு.

திரும்புவதற்கு பஸ் அரை மணி நேரத்தில் வந்தது, பிங்க் பஸ்ஸே. அவள் டிக்கெட்டை வாங்கிக் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டாள். இலவச டிக்கெட்டைச் சேர்த்து வைப்பது இப்போது அவளுக்கு ஒரு பொழுதுபோக்கு.

சாயங்காலம் ஊருக்குள் நடந்ததையும் எழுதுவதாக இருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். பெரியாரில் இறங்கினால் கோட்டைச் சுவரின் மிச்சம் பக்கத்திலேயே நிற்கிறது, யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடிக்க வைத்து அகழியைத் தூர்த்த பிறகு வந்தவைதான் வெளி வீதிகள். அந்த வேலையில் இருந்தவர்கள் பெயரில்தான் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும். அங்கிருந்து உள்ளே போகப் போக மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி. வெங்காயம் உரிப்பது மாதிரி. கிழக்கே திரும்பினால் பிளாக்பர்ன் நினைவாக வைத்த விளக்குத்தூண். பக்கத்துச் சந்தில் பத்துத்தூண், திருமலை நாயக்கர் அரண்மனையில் தனியாக மிஞ்சியது. 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் மகால் கால்வாசிதான் என்று அந்தத் தூண்களுக்குக் கீழே நின்றால்தான் உறைக்கிறது. நாங்கள் நின்றபோது ஒரு தூணடியில் நைட்டிகள் தொங்கின, சைஸ் வாரியாக.

ஜிகர்தண்டா குடித்தோம். கடல்பாசி குறைவு, ஐஸ்கிரீம் அதிகம், இரண்டு கிளாஸ் 160 ரூபாய். நாள் முழுக்க மிச்சம் பிடித்தது அங்கே கரைந்தது.

அடுத்த ஞாயிறு மதுரை ஆனைமலை. ஒத்தக்கடையில் இறங்கினால் நடக்கிற தூரம்தான், கி.பி. 770இல் பாண்டியனின் அமைச்சர் மாறன் காரி குடைவித்த நரசிங்கர் கோயில் இருக்கிறது, மேலே அச்சணந்தி பேரும் இருக்கிறது. "அங்கயும் அவங்கம்மா பேரு இருக்கா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சரி, பிங்க் பஸ் எத்தனை மணிக்கு என்று பாருங்கள் என்றாள்.