வானத்தைப் பார்த்துக் கோர்த்த தவளை

புரட்டாசி முடிஞ்ச மொத ஞாயித்துக்கெழமை. ஒரு மாசம் கவுச்சி வாசமே படாம இருந்த எங்க மாமன், கோழி கூப்பிடறதுக்கு முந்தியே தூண்டி ராடும் கையுமா திண்ணையில உக்காந்துட்டாரு. கீழ்பவானி வாய்க்கால்ல ஆகஸ்ட்டுல உட்ட தண்ணி, கசிவுக்குட்டை தளும்பி நிக்குது. விரால் மேல வந்து மூச்சு வாங்கற சத்தம் இட்டேரி வரைக்கும் கேக்குதுன்னு முந்தின நாளே சேதி வந்திருச்சு. விராலுக்குச் செவுள் மட்டும் பத்தாது, காத்துக்கு மேல வந்தே ஆகணும். அதுதான் அதுக்கு வினை.

ஆறு மணிக்கு ரப்பர் தவளையை எடுத்தாரு, விராலை ஏமாத்தற முள்ளு வெச்ச பொய்த்தவளை. என்ற தவளை. 320 ரூவா. ஆறே முக்காலுக்குக் கட்டி முடிச்சு வீசுனாரு. தவளை போச்சு. ஒத்தையா போச்சு. தூண்டி நரம்பு இங்கயே நின்னுக்கிச்சு. அக்கரையில ஆகாயத்தாமரை மேல போய் உக்காந்த தவளை எங்களைத் திரும்பிப் பாத்த மாதிரியே இருந்துச்சு.

இத்தனைக்கும் முடிச்சுல குத்தமில்லை. ஆனா நரம்பு தவளை மூக்கு வளையத்துக்குள்ள போகவே இல்லை, வளையத்தோட கழுத்தைச் சுத்தி இறுகியிருக்குது. கையில இழுத்தப்ப நின்னுச்சு, வீசின வேகத்துல நழுவிருச்சு.

கொடுமை என்னன்னா, அக்கரைத் தவளை அவருக்குப் பளிச்சுனு தெரியுது. "அந்தா மாப்ள, ரெண்டாவது பூவுக்கு இடது கை பக்கம்"ங்கறாரு. அரை பர்லாங்கு தெரியுது, அரை அடி தெரியல. அதுதான் வெள்ளெழுத்து. கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் வயசானா வெறைச்சுக்குது, கிட்டத்துக்கு வளைஞ்சு குடுக்க மாட்டேங்குது.

கண்ணாடி இல்லாமயும் இல்லை. மேல தூரத்துக்கு, கீழ படிக்கறதுக்குன்னு ரெட்டைக் கண்ணாடி போட்டிருக்காரு. ஆனா தையக்காரங்க ஊசி கோர்க்கற மாதிரி தவளையைத் தூக்கி, வானத்துக்கு நேரா புடிச்சுக் கோர்க்கறாரு. வானம் வெளிச்சந்தான், ஆனா அப்பப் பாக்கறது கண்ணாடியோட மேல்பாதி வழியா. அது குட்டைக்கு அக்கரையைப் பாக்கறதுக்கு இருக்கறது. நெஞ்சுக்குக் கீழ எறக்கிப் புடிச்சு, தாடையைத் தூக்கி, கீழ்பாதி வழியா பாக்கணுமுங்கன்னு சொன்னேன். "எனக்குச் சொல்லித் தர்றீங்களா மாப்ள"ன்னு ஒரு பார்வை. அந்தப் பார்வை எந்தப் பாதி வழியா வந்துச்சுன்னு தெரியல.

மடியில வெள்ளை வேட்டி கெடக்குது, அதை உட்டுப்போட்டு வானத்தைத் தேடுவாங்களா? பின்னல் நரம்பு கரும்பச்சை, வெள்ளை வேட்டி மேல கோடு கிழிச்ச மாதிரி தெரியும். கண்ணாடி நிற நைலான் தங்கூசுன்னா அப்படியே தலைகீழ், கறுப்புத் துண்டு விரிச்சு டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சா மின்னும். நேரா அடிச்சா ஒண்ணும் தெரியாது.

கண்ணாடி கடைக்கணக்கும் ஒண்ணு இருக்குது. தூரப்பார்வை நல்லா இருந்து, கிட்டப் பார்வை முழுசா போனவங்களுக்கு நூறைப் பவரால வகுத்தா எத்தனை சென்டிமீட்டர்ல தெளிவுன்னு வரும். ரெண்டு பவருன்னா 50, மூணுன்னா 33, நாலுன்னா 25. பேப்பர் படிக்க வாங்குன ரெண்டை மாட்டிக்கிட்டு மூக்குக்கிட்டக் கொண்டுபோனா மங்கத்தான் செய்யும். முள்ளு கட்டறதுக்குன்னே மூணரையோ நாலோ ஒண்ணு தூண்டிப் பையிலயே கெடக்கணும். இதையும் சொன்னேன். இதுக்கும் பார்வை.

வெறுங்கையோட ஊடு வந்து சேந்தோம். அத்தை மிஷின்ல உக்காந்து பேத்திக்குப் பாவாடை அடிச்சிட்டிருந்தாங்க. முப்பது வருசமா "ஏனுங்க, இந்த ஊசியைச் சித்த கோத்துக் குடுங்க"ன்னு அவங்க கேட்டப்பல்லாம், "கண்ணு என்ன பொடனிலயா இருக்குது?"ன்னு கேட்ட மனுசன் இவரு. ஒரு கட்டத்துல அத்தை கேக்கறதை நிறுத்திட்டு, பேன்சி ஸ்டோர்ல அஞ்சு ரூவாய்க்கு ஊசி கோர்க்கற தகடு வாங்கிக்கிட்டாங்க. அதேதான், தலைவர் மொகம் மாதிரி ஒண்ணு அச்சடிச்சு, நுனியில மெல்லிசு கம்பி வளையம் இருக்குமே, அது.

கதை கேட்டுட்டு அத்தை சிரிக்கவே இல்லை. இன்னொரு தவளையைக் கொண்டாரச் சொன்னாங்க. அதுவும் என்றது.

மொதல்ல மூக்கு வளையத்துல ஊக்கு நுனியை உட்டுச் சொரண்டுனாங்க. மலிவுத் தவளைல சாயம் வளையத்தை அடைச்சிருக்கும், கண்ணு நல்லா இருக்கறவனுக்கே நரம்பு போகாது. நரம்பு நுனியை நகவெட்டில சாய்வா வெட்டுனாங்க. மாமன் தீக்குச்சில பொசுக்குவாரு. பொசுக்குனா நுனி உருண்டு கடுகாட்டம் ஆயிரும், அப்பறம் எந்த ஓட்டைக்குள்ளயும் நொழையாது. பின்னல் நரம்பு பிரியுதுன்னா மெழுகுவர்த்தில ஒரு இழுப்பு இழுத்தாப் போதும்.

அப்பறம் எனக்கே தோணாத ஒண்ணு கேட்டாங்க. "தவளைக்கே எதுக்கு மாப்ள கட்டோணும், நடுவுல கொக்கி வைக்கறதில்லீங்களா?" ஸ்னாப்பைச் சொல்றாங்க. பாவாடைக் கொக்கி மாதிரிதான். ஊட்டுல வெளிச்சத்துல ஸ்னாப்பை ஒருக்கா கட்டிட்டாப் போதும், குட்டையில தவளை மாத்தறது வெறும் கட்டைவிரல் வேலை. நகத்துல நெம்புனா தொறக்கும், அமுக்குனா டிக்குனு ஒரு சத்தம். கண்ணை மூடிட்டே செய்யலாம். பெருசு வெச்சா தவளை மூக்கு தண்ணிக்குள்ள எறங்கிரும், மெல்லிசு கம்பியா வெச்சா விரால் இழுக்கறப்ப கொக்கி வாயைப் பொளந்துக்கும். சுத்தற ஸ்விவல் தவளைக்கு வேண்டாம், பாசியை அள்ளிட்டு வரும். தண்ணிக்குள்ள சுத்திக்கிட்டே வர்ற ஸ்பின்னர் போடறவங்களுக்கு வேணும், இல்லீன்னா நரம்பு முறுக்கிக்கும்.

ஊசி கோர்க்கற தகட்டோட கம்பி வளையத்தை ஸ்னாப் காதுக்குள்ள உட்டு, நரம்பை ரெட்டையா மடிச்சு அதுல மாட்டி, நேரா ஒரே இழுப்பு. முறுக்கி இழுத்தா கம்பி பிஞ்சுரும். ஒரு சாண் மடிப்பு வெளிய வந்துச்சு. இனி பாலோமர் முடிச்சு. மடிப்பைச் சாதா முடிச்சுப் போட்டு, அந்த மடிப்பு வளையத்துக்குள்ள ஸ்னாப்பைக் கடத்தி, எச்சில் தொட்டு இழுத்து இறுக்கணும். எச்சில் தொடாட்டி உரசற சூட்டுல நரம்பு வெந்து போகும். கிளிஞ்ச் முடிச்சுல அஞ்சு சுத்து எண்ணி, நுனியைத் திரும்ப ஒரு பொந்துக்குள்ள உடணும், அங்கதான் வயசானவங்க கவுறுவாங்க. பாலோமர்ல கோர்க்கறது ஒரே தடவைதான். ஆனா நேரா தவளைக்கே போட்டா வளையம் ரெட்டை முள்ளுல சிக்கும். ஸ்னாப்புல சிக்க முள்ளே இல்லை.

இத்தனையும் அத்தை ஒரு நிமிசத்துல முடிச்சாங்க. ரெண்டு சுண்டு விரலையும் ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சுக்கிட்டாங்க, கை நடுங்குனாலும் ரெண்டும் சேந்தே நடுங்கும்.

பொழுதோட மாமன் தனியாப் போனாரு. விரால் புடிக்க இல்லை, தவளையை மீக்க. ரெண்டாவது தவளையை மொதத் தவளைக்கு அந்தப் பக்கம் வீசி இழுத்திருக்காரு. முள்ளு ஆகாயத்தாமரை வேர்ல போய் மாட்டிக்கிச்சு. 30 பவுண்டு இழுப்பு தாங்கற நரம்பு, அறுகவும் இல்லை, அவுறவும் இல்லை. ஒரு காளை மாடு அளவுக்கு ஆகாயத்தாமரையைக் குட்டை நெடுக இழுத்துக் கரை சேத்திருக்காரு. உள்ள ரெண்டு தவளையும் இருந்துச்சு. வேட்டி சேறு, கண்ணாடில பாசி.

வாசல்லயே நின்னு அத்தை மீனைப் பத்திக் கேக்கல.

"முடிச்சு நின்னுச்சுங்களா?"

"ம்"னாரு. ராடைச் சாத்தி வெச்சுட்டுக் கண்ணாடியைத் தொடைச்சாரு. மிஷின்கிட்டப் போய், பேத்தி பாவாடையில கோர்க்காமக் கெடந்த ஊசியை எடுத்து, நெஞ்சுக்குக் கீழ எறக்கிப் புடிச்சு, தாடையைத் தூக்கிப் பாத்துட்டிருந்தாரு.